நாற்காலி அவர்களுக்கு, சாவி எங்களுக்கு

யாஃபா
நவம்பர் 4

அன்புத் தம்பி லேயோனுக்கு,

சரினா எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல், எனக்கு முழங்கால். மற்றபடி இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? காபியை விட்டாயா, இல்லை டாக்டரை விட்டுவிட்டாயா? தொலைபேசியில் கேட்கலாம் என்றால் உன் செயலாளர் பெண் எப்போதும் "சார் கூட்டத்துல இருக்காரு" என்கிறாள். அதனால்தான் கடிதம். நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தபால்தலைகூட இலவசமாமே, பதில் போடுவதில் உனக்கு என்ன நஷ்டம்?

உங்கள் ஐந்து பேர் கட்சி அரசாங்கத்தில் சேருகிறது என்று நேற்று ரேடியோவில் சொன்னதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு காபிக்கடை வரைக்கும் நடந்தே போய்விட்டார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ரிப்பேர் பார்த்தவரின் மகன் ஆளுங்கட்சி! கிளினிக்கில் என்னிடம் ஊசி போட வந்தவர்கள்கூட வலியை மறந்து கைகுலுக்கினார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அரபுக்காரர்களைத் துரத்தச் சொல்லி மேடையேறும் மண்ணின் மரபுக் கட்சிக்காரர் எல்யாகிம் தமாரியும் இதே அரசாங்கத்தில் இருக்கிறாராமே? தேர்தலுக்கு முன்னால் உங்கள் தலைவர் நம் தெருமுனையில் மேடை போட்டு, "அந்த ஆளோட ஒரே மேஜையில காபிகூடக் குடிக்க மாட்டேன்"னு சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இப்போது விருந்தே சாப்பிடுகிறார்கள். அதுவும் தமாரி கேட்டு வாங்கியிருப்பது வீட்டுவசதி அமைச்சர் பதவியாம். யாஃபாவில் அரபுக்காரர்கள் குடியிருக்கும் வீட்டில் பாதி அரசாங்க வீடு என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கீழ்வீட்டு விதாத்தும் அப்படி ஒரு குடித்தனக்காரிதானே, செய்தி கேட்டுவிட்டு மேலே வந்தாள். "லேயோன் இருக்கான்ல, எனக்கென்ன பயம்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அரைமணி நேரம் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு என்ன சொல்ல? ஒரு வரி எழுது.

உன் அக்கா,
சரினா


ஜெருசலேம்
நவம்பர் 12

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தின் நடுவில் பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டேன். பிரதமரின் ஆள் முறைத்தார். வயிறு பரவாயில்லை. காபியை விடவில்லை, டாக்டரை மாற்றினேன். அப்பாவைத் தனியாகக் காபிக்கடைக்கு விடாதே. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? செவிலிக்கு நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமாரியைப் பற்றிக் கேட்டாய். அக்கா, நூற்றிருபது பேர் சபையில் அறுபத்தோரு பேர் இல்லாமல் ஆள முடியாது. எங்களையும் சேர்த்து ஐம்பத்தேழு. தமாரியிடம் நாலு. கணக்கு அவ்வளவுதான். அவர் மேடையில் பேசுகிற மாதிரி அறைக்குள் பேசுவதில்லை. மெல்லிய குரல், குனிந்த தலை. வயதில் சின்னவனையும் "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார். பேரம் முடிந்த அன்று என்னிடம், "எனக்கு அவசரமே இல்லீங்க ஐயா. ரெண்டாயிரம் வருஷம் காத்திருந்த சனம் நாம. ஒவ்வொரு வீடாப் பாத்துக்கலாம்" என்றார். பேச்சுதான், வேறொன்றுமில்லை.

அவருக்கு நாங்கள் கொடுத்தது நாற்காலி மட்டும். நிதியும் அதைக் கண்காணிக்கிற நாடாளுமன்றக் குழுவும் எங்கள் கையில். எங்கள் தலைவர் சொன்ன மாதிரி, நாற்காலி அவர்களுக்கு, சாவி எங்களுக்கு. குரைக்கிற நாயை வெளியே விட்டால் ஊரையே எழுப்பும்; உள்ளே கட்டிப்போட்டால் எலும்பைக் கடித்துக்கொண்டு கிடக்கும்.

விதாத்திடம் சொல், அவள் வீட்டை யாரும் தொட மாட்டார்கள். நான் சொன்னேன் என்று சொல். சின்ன வயதில் அவள் தைத்துக் கொடுத்த கால்சட்டையில் பள்ளிக்கூடம் போனவன் நான், அதை மறப்பேனா?

அப்பாவின் கையை முத்தமிடும்,
லேயோன்


யாஃபா
டிசம்பர் 20

லேயோனுக்கு, அன்புடன்.

முதலில் அப்பா. போன வாரம் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது கத்தி கையிலிருந்து விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். உனக்குச் சொல்ல இரண்டு முறை கூப்பிட்டேன், கூட்டம். இப்போது வீட்டில் இருக்கிறார். வலது கை வரவில்லை, ஹீப்ரூவும் போய்விட்டது. பல்கேரிய மொழி மட்டும் இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற நேரம் விதாத் மேலே வந்து கஞ்சி ஊட்டுகிறாள். அவர் பல்கேரிய மொழியில் ஏதோ சொல்கிறார், அவள் அரபியில் பதில் சொல்கிறாள். ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள்.

அடுத்தது நம் தெரு. ஹனுக்கா விளக்கு ஏற்றிய வாரம் நாலைந்து இளைஞர்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், சட்டையெல்லாம் வெள்ளை வெளேரென்று. கையில் புகைப்படக் கருவி. அரபுக் குடும்பங்கள் இருக்கும் வீடுகளை மட்டும் படம் பிடித்து, கதவோரம் நீலச் சாயத்தில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் வாசலில் நின்று குழம்பினார்கள். மேலே நாம், கீழே அவள். அதில் ஒருவன் என்னிடம், "அம்மா, கீழ இருக்கறவங்க எத்தன பேரு?" என்றான். "உனக்கெதுக்குப்பா?" என்றேன். "சும்மா தெரிஞ்சுக்கத்தான். நீங்க நம்ம ஆளுதானே?" என்றான்.

 அவன் எண்ணைக் கீழ்க்கதவில் எழுதிவிட்டு, என்னைப் பார்த்து, "பண்டிகை வாழ்த்துக்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். விதாத் வாளித் தண்ணீரில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

இந்த வீட்டின் கதை உனக்கும் தெரியும். நாம் பல்கேரியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வருஷம் மேல்மாடியை நமக்கும் கீழ்வீட்டை அவள் மாமனாருக்கும் அரசாங்கம் பங்குபோட்டுக் கொடுத்தது. நாடு பிறந்தபோது நடந்த சண்டைக்கு முன்னால் முழு வீடும் யாருடையது என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. விதாத்தின் மாமனாரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் முப்பது வருஷம் சேர்ந்து பகடை ஆடினார்கள்.

நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று எழுதினாய். கயிறு எவ்வளவு நீளம், லேயோன்?

சரினா


ஜெருசலேம்
ஜனவரி 3

அக்கா,

அப்பாவின் செய்தி என்னை உலுக்கிவிட்டது. உன் அழைப்பைச் சொல்லாத அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், சத்தியமாக.

சாயம் பூசியவர்கள் கட்சிக்காரர்கள் அல்ல, ஏதோ தன்னார்வலர்கள் என்று தமாரி சொல்கிறார். அவர் ஒரு மசோதாவும் கொண்டுவந்திருக்கிறார். கலப்பு நகரங்களில் இருக்கும் அரசாங்க வீடுகளை ஒரு தனிக் குழுவிடம் ஒப்படைப்பது. பழைய குடித்தனக்காரர்களின் உரிமையை அந்தக் குழு "மறுபரிசீலனை" செய்வது. அதற்கு நான் கை தூக்க மாட்டேன். தலைவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எங்கள் கட்சியிலேயே ஒரு வக்கீலம்மா எதிர்த்தே வாக்களிக்கப் போகிறார். அவர் எதிர்த்து, நானும் கை தூக்காவிட்டால் மசோதா செத்தது. தலைவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வயிறு கொஞ்சம் எரிகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

லேயோன்


யாஃபா
ஜனவரி 25

லேயோன்,

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. நீ வரவில்லை. நான் கோபமாக எழுதவில்லை, பயந்து எழுதுகிறேன். அப்பா சாப்பாட்டை விட்டுவிட்டார். உன் பெயரை மட்டும் சொல்கிறார். விதாத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறாள்.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். விதாத்திடம், "இது உங்க மாமனார் பேர்ல இருந்த குடித்தனம். அவருக்கப்புறம் உங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு. அவரும் போனப்புறம் உரிமை அதுக்கு மேல இறங்காதும்மா" என்றார். "முப்பத்திரண்டு வருஷமா வாடகை கட்டறேனே?" என்றாள் அவள். "வாங்கிக்கிட்டோம், இல்லேங்கல. சட்டம் வரட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். எழுந்து போகும்போது அவள் தையல் இயந்திரத்தைத் தடுக்கி விழாமல் பார்த்து நடந்தார்.

சட்டம் உன் கையில் இருக்கிறது. அப்பா என் கையில் இருக்கிறார். சீக்கிரம் வா.

சரினா


யாஃபா
பிப்ரவரி 20

லேயோனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இன்று கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

அப்பாவின் ஏழு துக்க நாட்கள் முடிந்து, தாழ்ந்த பலகையை விட்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். நான்காம் நாள் மதியம் நீ போன பிறகு வீட்டில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தே நீ இருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து நீ என் பக்கத்தில், நம் துக்க வழக்கப்படி தாழ்ந்த பலகையில், கிழிந்த சட்டையோடு, துணிச்செருப்போடு உட்கார்ந்திருந்தாய். இத்தனை வருஷத்தில் நீ என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. அப்பா போன துக்கத்திலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. மூன்றாம் நாள் எதிர்க்கட்சி கெதல்யா பெரியவர் வந்தார். துறைமுகச் சங்கத்தில் அப்பாவோடு இருந்தவர், எண்பதைத் தொடுகிறார், உன் சபையிலேயே அவர்தான் மூத்தவர். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வாக்கெடுப்பு. துக்க வீட்டுலேர்ந்து உன்ன ஒருத்தனும் இழுக்கக் கூடாது. உனக்கு ஈடா நானும் போகல. நீ நிம்மதியா உக்காரு" என்றார். நீ தலையாட்டினாய். உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

உங்கள் வழக்கம் எனக்குப் புரியவில்லை, அவரிடமே கேட்டேன். ஒரு பக்கத்தில் ஒருவருக்குச் சாவோ நோவோ வந்தால் மறுபக்கத்தில் ஒருவர் தானாக வெளியே நிற்பாராம். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். "நாப்பது வருஷத்துல ஒருத்தன்கூட அத மீறினதில்ல மகளே. சபையில எங்களுக்குள்ள நடக்கற சண்டைய நீ பாத்தா காறித் துப்புவ. ஆனா இது மட்டும் நிக்குது" என்றார்.

நான்காம் நாள் காலை விதாத் கொண்டுவந்த பருப்பையும் அவித்த முட்டையையும் சாப்பிட்டாய். கெதல்யா மறுபடி வந்தார். சபைக்குப் போகவில்லை, அதனால் இங்கே வந்து உட்காருகிறேன் என்றார். நீ "தலை வலிக்குது, உள்ள படுக்கறேன்" என்று எழுந்து போனாய். விதாத் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். உன்னை எழுப்பட்டுமா என்று கேட்டேன். "தூங்கட்டும் பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பான்" என்று அவர் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார். நாங்கள் எல்லாருமே உனக்காகக் கிசுகிசுத்துப் பேசிக்கொண்டிருந்தோம், லேயோன். நீ அப்போது பின்பக்கப் படியில் இறங்கி, உன் கட்சிக் காரில் ஜெருசலேம் மலை ஏறிக்கொண்டிருந்தாய்.

கீழ்வீட்டு ரேடியோ சொன்னது. அறுபதுக்கு ஐம்பத்தொன்பது. பெரியவரும் போயிருந்தால் அறுபதுக்கு அறுபது; சமமாக இருந்தால் சட்டம் விழுந்திருக்குமாம். "தந்தையின் துக்கத்திலிருந்து கிழிந்த சட்டையுடன் வந்த உறுப்பினர் கான்ஃபினோ" என்று உன் பெயரைச் சொன்னபோது அந்தச் செய்தி வாசிப்பவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

கெதல்யா கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "நான் இங்க வந்தது தப்பில்ல மகளே, சாவு வீட்டுக்கு வர்றது தப்பில்ல" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்கியதைப் பார்த்து எனக்கு அப்பா இறந்ததைவிட அதிகமாக அழுகை வந்தது. அதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

ஊர் வேறு மாதிரி பேசுகிறது. துக்கத்தையும் பாராமல் நாட்டுக்காக ஓடினாயாம். பத்திரிகைப் படத்தில் உன் துணிச்செருப்பு தெரிகிறது.

விதாத் மறுநாள் காலையிலும் முட்டை அவித்துக் கொண்டுவந்தாள். உன் தட்டையும் சேர்த்து வைத்தாள். மீதி நாட்களுக்கு நீ ஜெருசலேமிலேயே உட்கார்ந்துகொண்டாய் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சரினா


ஜெருசலேம்
மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்து எழுந்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பனி பெய்து நின்றுவிட்டது. அப்பாவுக்காகத் தினமும் கதீஷ் பிரார்த்தனை சொல்கிறேன், சபையிலேயே அதற்கு வேண்டிய பத்துப் பேர் கிடைத்துவிடுகிறார்கள்.

நீ என்னைத் திட்டலாம், தகும். ஆனால் முழுதையும் கேள். அன்று காலை தலைவரின் ஆள் பின்படிக்கு வந்தான். மசோதா விழுந்தால் தமாரி வெளியேறுவார், அரசாங்கம் கவிழும், மறுபடி தேர்தல். கணிப்பில் தமாரிக்கு நாலு இல்லை, பத்து. அவர் பத்துப் பேரோடு திரும்பி வந்தால் விதாத்துக்கு மட்டுமா ஆபத்து? ஒரு சட்டத்தைக் கொடுத்து அவரை நாலிலேயே நிறுத்தினேன். கெதல்யாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த உறை இன்னும் மேஜையில் கிடக்கிறது.

நல்ல செய்தி ஒன்று. நான் வீட்டுவசதித் துணை அமைச்சர். தமாரிக்குப் பக்கத்து அறை. யாரையும் வெளியேற்றும் உத்தரவு எதுவானாலும் துணை அமைச்சர் கையெழுத்தில்லாமல் செல்லாது என்று நானே போராடி அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தேன். அதாவது காவலுக்கு நானே நிற்கிறேன். விதாத் வீட்டுக்கு விலக்கு என்று தமாரி என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வெளியே நின்று கத்தினால் யாருக்கு லாபம், அக்கா? உள்ளே இருந்தால்தானே தடுக்க முடியும்?

உன் தம்பி,
லேயோன்


யாஃபா
மே 9

துணை அமைச்சருக்கு,

என் முழங்கால் நலம். விசாரித்ததற்கு நன்றி.

விதாத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழே நீலமையில் உன் கையெழுத்து. பள்ளிக்கூட நாளில் உனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அந்தச் சுழியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். விதாத்துக்கு ஹீப்ரூ வாசிக்க வராது. "லேயோன் எழுதிருக்கானா? என்ன சொல்றான்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் போனதா, தெரிந்தும் சரி என்று இருந்தாயா? அதை மட்டும் எழுது.

சரினா


ஜெருசலேம்
மே 17

அக்கா, கடவுளுக்காக என்னை நம்பு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு கட்டு வரும். பெயர் இருக்காது, நிலத்தின் எண் மட்டும் இருக்கும். கார் கீழே நிற்கும்போது போட்டுத் தள்ளுவேன். அதில் விதாத் இருப்பாள் என்று தெரியாது.

உன் கடிதம் கிடைத்ததும் தமாரியின் அறைக்குப் போனேன். "எனக்கு வாக்குக் கொடுத்தீங்களே" என்றேன். எழுந்து நின்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் சொன்னார். பிறகு அதே மெல்லிய குரலில், "வாக்கா? யாரு, நீங்களா ஐயா அதப் பத்திக் கேக்கறது? அந்தக் கெதல்யா பெரியவர் காபி குடிச்சு முடிச்சாரா, இல்ல ஆறிப்போச்சா?" என்றார். அறையில் அவர் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராஜினாமா செய்கிறேன் என்று தலைவரிடம் போனேன். பட்ஜெட் நிறைவேறும் வரை மூச்சு விடாதே என்கிறார். புலி வாலைப் பிடித்துவிட்டேன், அக்கா. விட்டால் கடிக்கும். இப்போதைக்கு விதாத்தை உன்னோடு மேலே வைத்துக்கொள். மூன்று அறையில் நீ ஒருத்திதானே? பட்ஜெட் முடிந்ததும் அவளுக்கு வேறு வீடு பார்த்துத் தருகிறேன். மேல்மாடியை யாரும் கேட்க மாட்டார்கள், அது நம் வீடு.

வயிற்றில் ரத்தம் வந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். யாரிடமும் சொல்லாதே.

லேயோன்


யாஃபா
ஜூலை 8

லேயோன்,

ரத்தம் வருகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ. செவிலியாகச் சொல்கிறேன், அலட்சியப்படுத்தாதே.

நீ சொன்னபடி விதாத் என்னோடுதான் இருக்கிறாள், அப்பாவின் அறையில். தையல் இயந்திரத்தை நாங்கள் இரண்டு கிழவிகளும்தான் படியேற்றினோம். கீழே புதுக் குடும்பம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்களின் கூட்டம்தான். மனைவி சின்னப் பெண், வந்த அன்றே எனக்குத் தேன் கேக் கொண்டுவந்தாள். விதாத் கதவைத் திறந்ததும் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வீட்டுக்காரம்மா இல்லையா?" என்றாள்.

புருஷன் தினமும் மாலையில் வாசலில் நின்று எதிரே அரபு ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்கிறான். ஒருநாள் என்னிடம், "ரொட்டிக்கடைக்காரரோட ரெண்டாவது மகன் ராத்திரி வேலையா, பகல் வேலையா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "தெரிஞ்சா சொல்லுங்கம்மா. நீங்க துணை அமைச்சரோட அக்கா, உங்ககிட்ட கேக்காம யார்கிட்ட கேக்கறது?" என்றான். தெருவில் இப்போது பொழுது சாய்ந்ததும் கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள். சாத்தாதவர்கள் வீட்டுக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. போலீஸ்காரர் வந்து உடைந்ததைக் கூட்டிப் பெருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. குடித்தனத்தில் பெயர் இல்லாத ஒருத்தியை அரசாங்க வீட்டில் தங்கவைத்தது குற்றமாம். அதனால் மேல்மாடியின் உரிமை ரத்து. வருகிற திங்கட்கிழமை காலை ஆட்கள் வருவார்கள். விதாத்தை அதற்குள் அனுப்பிவிட்டால் எனக்கு மட்டும் கருணை காட்டலாம் என்று ஒரு வரி. உன் சட்டப்படி உன் கையெழுத்தும் இருக்கிறது.

முதல் உத்தரவில் அந்தச் சுழி ஒரே இழுப்பில் இருந்தது, காரைப் பிடிக்க ஓடுகிறவனின் கையெழுத்து. இதில் இரண்டு இடத்தில் பேனா நின்றிருக்கிறது.  அப்படியென்றால் நீ இதைப் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறாய்.

விதாத் ராத்திரியே மூட்டை கட்டினாள். "நான் ராம்லாவுக்கு மக வீட்டுக்குப் போறேன் சரினா. என்னால நீ தெருவுல நிக்க வேணாம்" என்றாள். மூட்டையை அவிழ்த்து மறுபடி அலமாரியில் வைத்தேன். எங்களுக்குள் சத்தமாகச் சண்டையே நடந்தது. கடைசியில் அவள்தான் தோற்றாள்.

நான் போக மாட்டேன், அவளையும் அனுப்ப மாட்டேன். எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிதாகப் பயம் இருக்கிறது. உன் மேலே பயம் இல்லை, உனக்காக. இதையும் கையெழுத்துப் போட முடிந்தவன் அடுத்து எதைப் போடமாட்டான் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஆனாலும் நீ என் தம்பி. திங்கட்கிழமை காலை நீ வாசலில் வந்து நின்றால் போதும். எதுவும் பேச வேண்டாம். உன்னைத் தாண்டி அவர்கள் படியேற மாட்டார்கள்.

அக்கா


துணை அமைச்சர் அலுவலகம்
ஜெருசலேம்
ஜூலை 12, வெள்ளிக்கிழமை

திருமதி சரினா பெஹார் அவர்களுக்கு,

பொருள்: யாஃபா மேல்மாடிக் குடித்தனம்

தாங்கள் துணை அமைச்சருக்கு எழுதிய கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் கோரிக்கை உரிய குழுவின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது. குழு அடுத்த மாதம் கூடும். அதுவரை உத்தரவு நடப்பில் இருக்கும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

துணை அமைச்சருக்காக,
செயலாளர்

(அடியில், கையெழுத்தில்)

அக்கா, புதன்கிழமை பட்ஜெட் வாக்கெடுப்பு. ஒரு வாக்கில் தொங்குகிறது. அதற்கு முன்னால் நான் யாஃபாவில் தமாரியின் ஆட்களுக்கு எதிரே நின்றால் எல்லாம் போய்விடும். புதன்கிழமை வரை மட்டும் எப்படியாவது சமாளி. வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக வந்துவிடுகிறேன்.

லே.